பாத்தியில் கிடந்த மேகம்

சித்திரை மாதத்து விடியலில் மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே 35 கிலோமீட்டர் போல வந்தால் சாலையை ஒட்டியே அளம் தொடங்கிவிடும். காற்று இன்னும் எழவில்லை. உப்பு விளையாமல் உவர்நீரை மட்டும் தேக்கி வைத்திருந்த பாத்தி அது. கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர், அடியில் கருத்த களிமண். அந்தத் தண்ணீரில் வெள்ளை மேகம் ஒன்று அசையாமல் கிடந்தது.

பாத்தியின் ஓரத்தில் யாரோ ஒரு குச்சியை ஊன்றியிருந்தார்கள். என் கண்ணிலிருந்து 2 மீட்டர் இருக்கும். தண்ணீரில் தெரிந்த மேகத்தின் மீது பார்வையை நிறுத்தினேன். குச்சி இரண்டாகப் பிரிந்தது. குச்சியைப் பார்த்தேன். குச்சி ஒன்று சேர்ந்தது, மேகத்தின் விளிம்பு இரட்டித்தது. மேகமும் குச்சியும் என் பார்வையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஆனாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் ஒற்றையாகப் பார்க்க முடியவில்லை.

பக்கத்துப் பாத்தியில் பலகை வைத்து உப்பை வாரிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். “என்னா தம்பி, தண்ணிக்குள்ள எதையாச்சும் போட்டுட்டீங்களா?”

“இல்லண்ணே, மேகத்தப் பாக்குறேன்.”

“மேகம் மேலல்ல இருக்குது?”

அவர் கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. மேகம் மேலே இருக்கிறது. என் கண்ணுக்கோ அது கீழே இருந்தது. கணுக்கால் ஆழத்தில் இல்லை, அதைவிட வெகு கீழே. 2 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் மேகம், கண்ணாடிபோல் அசையாத நீரில் 2 கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதாகவே தெரியும். மேகத்திலிருந்து புறப்பட்ட ஒளி அத்தனை தூரமும் உண்மையிலேயே பயணம் செய்துவிட்டுத்தான் நீரில் பட்டுத் திரும்பி என் கண்ணுக்குள் வருகிறது. தூரத்தின் தடயம் அந்த ஒளியிலேயே பதிந்திருக்கிறது. கண் அதைச் சரியாகப் படிக்கிறது.

கண்முன் இருக்கும் உலகத்தின் மீது, அங்கே இல்லாத இன்னொரு பிம்பத்தை மெல்லிய பிரதிபலிப்பாக ஏற்றிக் காட்டுவதற்குப் பெயர் ஆக்மென்டட் ரியாலிட்டி. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ், மேஜிக் லீப் போன்ற தலைக்கவசக் கண்ணாடிகள் பல ஆயிரம் கோடி செலவில் செய்ய முயன்றது இதைத்தான். உவர்நீர்ப் பாத்தி இதைச் செலவில்லாமல் செய்கிறது. ஒரு நுணுக்கத்தில் அந்தக் கண்ணாடிகளைவிடச் சரியாகவும் செய்கிறது. அந்த நுணுக்கம் தூரம்.

தூரத்தை அறியக் கண்ணில் இரண்டு தசை வேலைகள் நடக்கின்றன. ஒன்று, இரு விழிகளையும் மூக்கை நோக்கித் திருப்புவது. மனிதர்களின் இரு கண்மணிகளுக்கும் இடைவெளி சராசரியாக 6.3 சென்டிமீட்டர். 5 மீட்டரில் உள்ள பொருளைப் பார்க்கும்போது இரு பார்வைக் கோடுகளுக்கும் இடையே உள்ள கோணம் முக்கால் டிகிரிகூட இருக்காது. 2 மீட்டரில் அது 1.8 டிகிரி. அரை மீட்டரில் 7 டிகிரியைத் தாண்டும். விரலை மூக்கருகே கொண்டுவந்தால் பார்ப்பவர்கள் சிரிக்கும் அளவுக்கு மாறுகண் ஆகிவிடும். இரண்டாவது வேலை, விழிக்குள் இருக்கும் லென்ஸைத் தடிமனாக்குவது. கிட்டே உள்ளதைப் பார்க்க ஒரு வளையத் தசை இறுகுகிறது, லென்ஸ் புடைக்கிறது, பிம்பம் விழித்திரையில் கூர்மையாக விழுகிறது.

இந்த இரண்டு வேலைகளையும் மூளை ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறது. விழி உள்நோக்கித் திரும்பினால் லென்ஸும் தானாகவே தடிக்கும். லென்ஸ் தடித்தால் விழியும் தானாகவே திரும்பும். இயற்கையில் இவை முரண்பட வழியே இல்லை, ஏனென்றால் ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு தூரங்களில் இருக்காது. ஏர் பூட்டிய இரண்டு மாடுகளைப் போல ஒன்றாகவே நடந்து பழகியவை அவை.

1838-இல் சார்லஸ் வீட்ஸ்டோன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அந்தப் பூட்டை முதன்முறையாகத் தளர்த்தினார். ஒரே பொருளை இரண்டு கோணங்களில் வரைந்து, இரண்டு கண்ணாடிகள் மூலம் வலது கண்ணுக்கு ஒன்றும் இடது கண்ணுக்கு ஒன்றுமாகக் காட்டினார். தட்டையான தாளிலிருந்து உருவம் எழுந்து நின்றது. அவருடைய ஸ்டீரியோஸ்கோப்பின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய ஹெட்செட்டுகள் எல்லாமே. இரு கண்களுக்கும் சற்றே இடம் மாற்றிய இரண்டு படங்களைக் காட்டினால் விழிகள் எந்தக் கோணத்துக்கு வேண்டுமானாலும் திரும்பும். பொருளை 10 மீட்டரிலும் வைக்கலாம், 40 சென்டிமீட்டரிலும் வைக்கலாம். ஆனால் ஒளி வருவது ஒரே தூரத்திலிருந்துதான். கருவி செய்தவர் லென்ஸை எங்கே குவித்து வைத்தாரோ அந்த இடம் அது. ஹோலோலென்ஸில் அது சுமார் 2 மீட்டர்.

ஆக, மாயப் பொருள் ஒன்று உள்ளங்கைக்கு மேல் அரை மீட்டரில் மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விழிகள் அரை மீட்டருக்குத் திரும்புகின்றன. வழக்கம்போல லென்ஸும் அரை மீட்டருக்குத் தடிக்கிறது. பிம்பம் மங்குகிறது. உடனே லென்ஸ் 2 மீட்டருக்குத் தளர்கிறது. அந்தத் தளர்வு விழிகளையும் வெளியே இழுக்கிறது, பிம்பம் இரட்டிக்கப் பார்க்கிறது. மறுபடியும் திருத்தம். ஒரு மாடு ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் இழுக்கிறது. நொடிக்கு நொடி நடக்கும் இந்த இழுபறியை நாம் உணர்வது புருவத்துக்கு மேலே ஒரு கனமாக, பிறகு தலைவலியாக, சிலருக்குக் குமட்டலாக.

எனக்கு அது நேர்ந்திருக்கிறது. ஒரு செயல்விளக்க அறையில் அரை மணி நேரம் ஹெட்செட் மாட்டியிருந்தேன். அதைத் தயாரித்தவர்கள் எழுத்துப் பலகையைக் கைக்கெட்டும் தூரத்தில் மிதக்கவிட்டிருந்தார்கள், தொட்டு அழுத்த வசதியாக இருக்குமே என்று. கழற்றியபோது எதிரில் நின்றவரின் முகம் தெளிய இரண்டு மூன்று நொடிகள் பிடித்தன. வீடு போய்ச் சேரும்வரை நெற்றி வலித்தது. என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். எத்தனை பேர் அப்படி நினைத்துக்கொண்டு கருவியைக் குறை சொல்லாமல் போயிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. கோளாறு கண்ணில் இல்லை. அந்தப் பலகையை ஒன்றரை மீட்டர் பின்னால் தள்ளியிருந்தால் போதும்.

எவ்வளவு தள்ளினால் போதும் என்பதற்கு மீட்டரில் விடை தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். கண் மீட்டரில் அளப்பதில்லை. கண்ணாடிக் கடையில் சீட்டில் எழுதித் தருகிறார்களே, ‘பவர்’, அந்த டையாப்டரில்தான் அளக்கிறது. 1-ஐ மீட்டரால் வகுத்தால் டையாப்டர். 2 மீட்டர் தூரத்துக்கு அரை டையாப்டர். 1 மீட்டருக்கு 1. அரை மீட்டருக்கு 2. எல்லையற்ற தூரத்துக்குச் சுழியம்.

இந்தக் கணக்கை நான் முதலில் புரிந்துகொண்ட நாளில் அளத்து வரப்பில்தான் அதை மனதில் போட்டுப் பார்த்தேன், அங்கேதான் அதன் விந்தை விளங்குகிறது. நின்றுகொண்டு பார்த்தால், கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, சமதரையில் அடிவானம் ஏறக்குறைய 4.4 கிலோமீட்டரில். என் எதிரே இருந்த குச்சி 2 மீட்டரில். குச்சியிலிருந்து அடிவானத்துக்குப் பார்வையை ஓட்டக் கண்ணின் லென்ஸ் செய்யும் வேலை அரை டையாப்டர். அதே குச்சியிலிருந்து பார்வையைக் கிட்டே இழுத்து, 1 மீட்டரில் இருக்கும் என் முழங்காலருகே பார்க்கச் செய்யும் வேலையும் அதே அரை டையாப்டர்! குச்சிக்கு அந்தப் பக்கம் அளம், பக்கிங்ஹாம் கால்வாய், மேகம், நிலா, நட்சத்திரங்கள் எல்லாமே அந்த அரைக்குள் அடங்கிவிடுகின்றன. குச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு மீட்டரிலேயே அந்த அரை தீர்ந்துவிடுகிறது. இன்னும் கிட்டே போனால் நெருக்கடி கூடுகிறது. 50 சென்டிமீட்டரிலிருந்து 40 சென்டிமீட்டருக்கு வர மறுபடி ஓர் அரை, 25-இலிருந்து 22-க்கு வர இன்னோர் அரை. கண்ணைப் பொறுத்தவரை உலகம் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நெரிசலாகக் குவிந்திருக்கிறது. அதற்கப்பால் ஒரே வெளி.

கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையை 6 மீட்டரில் வைப்பதும் இதனால்தான். 6 மீட்டர் என்பது 0.17 டையாப்டர், கண்ணின் கணக்கில் அடிவானத்துக்கு அடுத்த வீடு.

விழி திரும்பும் தூரமும் லென்ஸ் குவியும் தூரமும் அரை டையாப்டர் போல விலகினால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பாங்க்ஸின் ஆய்வுக்குழு 2008-இலும் 2011-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த முரண் தரும் சோர்வையும், கண் சௌகரியமாக இருக்கும் எல்லைகளையும் அளந்து காட்டின. ஹோலோலென்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த வடிவமைப்பு வழிகாட்டுதலும் இதே தடத்தில்தான் போகிறது: மாயப் பொருளை 2 மீட்டரில் வைப்பது உத்தமம், 1.25 முதல் 5 மீட்டர் வரை ஏற்கலாம், 40 சென்டிமீட்டருக்குள் வந்தால் மங்கலாக்கத் தொடங்கு, 30-இல் மறைத்துவிடு. பார்க்க ஏனோதானோ என்று எழுதிய எண்கள் போலத் தெரியும். டையாப்டரில் மாற்றிப் பாருங்கள். 1.25 மீட்டர் என்பது 0.8, 5 மீட்டர் என்பது 0.2. நடுப்புள்ளியான 0.5-இலிருந்து இரண்டு பக்கமும் சரியாக 0.3 விலகல். தராசுத் தட்டு போல நிற்கிறது.

2 மீட்டரை நடுவாக எடுத்தது நல்ல தேர்வு என்றே எனக்குப் படுகிறது. அறைக்குள் நடக்கும் வேலைகளுக்கு அது பொருந்தும். போர் விமானிகளின் முன்கண்ணாடியில் தெரியும் பச்சை எழுத்துகள் எல்லையற்ற தூரத்தில் குவிக்கப்பட்டவை. அவர்கள் பார்க்க வேண்டியது வானத்தை, அங்கே அதுதான் நியாயம். பார்வை எங்கே உழைக்கிறதோ அங்கே எழுத்தை வை என்பதுதான் இரண்டுக்கும் விதி.

நம் ஊரில் இந்தச் சோர்வை முதலில் அனுபவித்தவர்கள் முப்பரிமாணப் படம் பார்த்த திரையரங்கு ரசிகர்கள். 1984-இல் மலையாளத்தில் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’, அடுத்த ஆண்டு தமிழில் விஜயகாந்த் நடித்த ‘அன்னை பூமி’. 15 மீட்டர் தள்ளி இருக்கும் திரைக்கு லென்ஸ் குவிந்திருக்கும், அது 0.07 டையாப்டர். திரைக்குப் பின்னால் எவ்வளவு ஆழத்தில் மலையைக் காட்டினாலும் முரண் அந்த 0.07-ஐத் தாண்டாது. ஆனால் ஒரு பொருள் பார்வையாளரின் முகத்துக்கு அரை மீட்டர்வரை நீண்டு வந்தால் முரண் ஏறக்குறைய 2 டையாப்டர். ஜனங்கள் கை நீட்டிப் பிடிக்கப் போனதும் அந்த இடத்தில்தான், கண் வலித்ததும் அந்த இடத்தில்தான். நல்லவேளை, அது சில நொடிகளில் போய்விடும்.

ஹெட்செட்டை எட்டு மணி நேர வேலைக்குக் கொடுக்கும்போது அப்படிப் போய்விடாது. மெக்கானிக்குக்கும் அறுவை சிகிச்சை செய்பவருக்கும் இந்தக் கருவிகள் பெரிய துணை என்று சொல்கிறார்கள். அவர்கள் வேலை செய்வது கைகளால், கை இருப்பது 40 முதல் 60 சென்டிமீட்டரில். கண்ணாடி குவிந்திருப்பதோ 2 மீட்டரில். போல்ட்டின் மீது படிய வேண்டிய அம்புக்குறியும் போல்ட்டும் ஒன்றாகத் தெளியாது. போல்ட்டைப் பார்த்தால் அம்பு மங்கும், அம்பைப் பார்த்தால் போல்ட் மங்கும். இதற்குத் தீர்வு தேடியவர்கள் உண்டு. மேஜிக் லீப் 2018-இல் வெளியிட்ட முதல் கண்ணாடியில் கிட்டே ஒன்றும் எட்ட ஒன்றுமாக இரண்டு குவியத் தளங்கள் வைத்தது. அதே ஆண்டு, அப்போது ஃபேஸ்புக் என்ற பெயரில் இருந்த மெட்டா நிறுவனம் ‘ஹாஃப் டோம்’ என்ற மாதிரியைக் காட்டியது. பார்வை எங்கே போகிறது என்று கண்காணித்துத் திரையையே முன்னும் பின்னும் நகர்த்தும் கருவி அது, மெய்நிகர் உலகத்துக்கானது. இன்னும் கடைக்கு வரவில்லை. ஹோலோலென்ஸ் தயாரிப்பையே மைக்ரோசாஃப்ட் 2024-இல் நிறுத்திவிட்டது. கண்ணின் இரண்டு மாடுகளுக்கும் ஒரே நுகத்தடி செய்து தருகிற கருவி வரும்வரை, கைவேலைக்காரரின் கண்ணுக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும் என்றே சொல்வேன். வேலை கொடுப்பவர்கள் அதை எழுதித் தர வேண்டும்.

குழந்தைகள் விஷயம் வேறு. பத்து வயதுப் பிள்ளையின் லென்ஸ் 10 டையாப்டருக்கு மேல் வளையும், எதையும் தாங்கும், புகார் சொல்லாது. ஆனால் அதன் கண்மணி இடைவெளி 5 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால், பெரியவர்களின் 6.3-க்கு அமைத்த படம் 2 மீட்டரில் வைத்த பொருளை 1.6 மீட்டரில் காட்டும். தூரத்தை இன்னும் பழகிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தப்பான பாடம் அது. ஆப்பிள் தன் விஷன் புரோவை 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம் என்கிறது. பிள்ளை நன்றாகத்தான் விளையாடுகிறது என்று பெற்றோர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

திரும்பவும் அளத்துக்கு வருகிறேன், வெயில் ஏறிவிட்டது.

பாத்திகளை ஒட்டி நடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். கருத்த களிமண் அடியுள்ள பாத்திகளில் மேகம் பளிச்சென்று தெரிந்தது. உப்பு விளைந்து அடி வெளுத்த பாத்திகளில் மேகத்தைக் காணவே காணோம். இரண்டிலும் தண்ணீர் ஒரே அளவு ஒளியைத்தான் பிரதிபலிக்கிறது. வெள்ளை அடியிலிருந்து எழும் வெளிச்சம் பிரதிபலிப்பை விழுங்கிவிடுகிறது. ஒளி ஊடுருவும் ஹெட்செட்டுகளுக்கும் இதே கதிதான். அவற்றால் ஒளியைச் சேர்க்கத்தான் முடியும், கழிக்க முடியாது. கறுப்பு என்ற நிறத்தை அவற்றால் காட்டவே முடியாது. உச்சி வெயிலில் உப்புப் பரப்பின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 20,000 கேண்டெலாவைத் தொடும். கண்ணாடி சேர்க்கும் ஒளி சில நூறு. நாற்பது பங்குக்கு ஒரு பங்கு. மரக்காணத்தில் அந்தக் கருவியை மாட்டினால் வெயில் ஏறியதுமே மாய உலகம் கரைந்துபோகும். மேஜிக் லீப் 2022-இல் கொண்டுவந்த இரண்டாவது கண்ணாடி, வெளி வெளிச்சத்தைத் தானே இருட்டாக்கிக்கொள்ளும் ஓர் அடுக்கைச் சேர்த்தது இதைச் சமாளிக்கத்தான்.

அந்த இருட்டுக்கும் ஒரு விலை உண்டு. இரண்டு பக்கமும் நீர் நிற்கும், ஓரடி அகல வரப்பில் நடப்பவருக்குக் கண்முன் எதையும் மங்கவைப்பது ஆபத்து.  ஆனால் இருட்டின் பெரிய விலை கண்மணிக்குள் இருக்கிறது. அதைப் பெரியவரிடம்தான் பார்த்தேன்.

காலை வேலை முடித்து ஓலைக் கொட்டகைக்கு வந்தார். உப்பின் ஒளியில் ஆண்டுக்கணக்காக நின்ற கண்கள் சிவந்து, ஓரங்கள் சுருங்கியிருந்தன. தலைத்துண்டை நெற்றிக்கு இறக்கிக் கட்டுவதுதான் அவருக்கு இருந்த ஒரே கறுப்புக் கண்ணாடி. நல்ல கறுப்புக் கண்ணாடி ஒன்று அளத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் கிடைத்தாக வேண்டும். தலைக்கவசத் தொழில்நுட்பங்களைப் பற்றி எழுத வந்த எனக்கு அன்றைக்கு முதலில் தோன்றியது அதுதான்.

சட்டைப் பையிலிருந்து மூட்டைக் கணக்குச் சீட்டை எடுத்தார். கையை நீட்டி நீட்டிப் பிடித்தார். எழுத்து பிடிபடவில்லை. வெள்ளெழுத்து. அறுபதை ஒட்டிய வயதில் லென்ஸ் 1 டையாப்டர்கூட வளைவது கடினம், 40 சென்டிமீட்டரில் உள்ள சீட்டுக்கு 2.5 வேண்டும். ஹெட்செட் மாட்டியிருந்தால், கையருகே மிதக்கும் மாய எழுத்தை அவர் கண்ணாடி இல்லாமலே படித்திருப்பார். அதன் ஒளி 2 மீட்டரிலிருந்து வருவதால் அரை டையாப்டர் போதும். இளைஞருக்குத் தலைவலி தரும் அதே முரண் அவருக்கு உதவியிருக்கும்.

“இருங்க தம்பி” என்று சொல்லிவிட்டுக் கொட்டகையிலிருந்து வெயிலுக்குள் இறங்கினார். சீட்டை அதே தூரத்தில் பிடித்தார். கண்கள் இடுங்கின. உப்பின் வெளிச்சத்தில் கண்மணி 2 மில்லிமீட்டருக்குச் சுருங்கும். நிழலில் அது அகன்று நிற்கும், இருட்டில் 6 மில்லிமீட்டரும் ஆகும். குவியம் தப்பிய ஒளி விழித்திரையில் பரப்பும் கறை கண்மணியின் அகலத்தைப் பொறுத்தது. 6-இலிருந்து 2-க்குச் சுருங்கினால் கறையும் மூன்றில் ஒரு பங்காகும். ஊசித்துளைக் கேமராவுக்கு லென்ஸே தேவைப்படாததும் இதனால்தான். கண்ணாடியை இருட்டாக்கினால் இந்தச் சுருக்கம் போய்விடும், மங்கலும் முரணும் முழு பலத்தோடு திரும்பிவரும்.

“பதினேழு” என்றார் பெரியவர். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பலகையை எடுத்து அடுத்த பாத்திக்குப் போனார்.